பழந்துணிக்குப் பழந்துணி

"ஒரே ஒரு துண்டுதான் போயிருக்கு, மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லித்தான் எல்லோரும் கொண்டுவருவார்கள். தரையில் விரித்ததும் நான் முதலில் அந்தத் துண்டைப் பார்ப்பதில்லை. அதைச் சுற்றியிருக்கும் நாலைந்து துண்டுகளைத்தான் பார்ப்பேன். கிழிந்தது எது என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியும். அடுத்துக் கிழியப்போவது எது என்று சொல்லத்தான் என்னைப் போல ஒருத்தி வேண்டும்.

நான் பழுது பார்ப்பது கௌதி. பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, மேலே வண்ண வண்ணத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, கையாலேயே நெருக்கமாக ஓட்டுத் தையல் ஓட்டிச் செய்கிற கனத்த போர்வை. வட கர்நாடகத்தில் அது இல்லாத பழைய வீடு குறைவு. குளிருக்குப் போர்த்திக்கொள்வார்கள், தரையில் விரித்துப் படுப்பார்கள், மடித்துத் தொட்டிலில் போடுவார்கள். நான் திருச்சி பொன்மலைக்காரி. கணவருக்கு ரயில்வே பணிமனையில் வேலை என்பதால் கல்யாணமானதும் ஹுப்பள்ளி வந்து சேர்ந்தேன். தையல் கிளாஸில் படித்த ஜாக்கெட், பாவாடைத் தையல் கையில் இருந்தது. கௌதித் தையல் கற்றுக்கொடுத்தவர் எங்கள் லைனில் குடியிருந்த ஒரு கன்னடத்து அஜ்ஜி. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் துணியை விரித்து, அதன் மேலேயே உட்கார்ந்து தைப்பார். அப்படி உட்கார்ந்தால்தான் அடுக்கு நகராது என்பார். சட்டமோ கிளிப்போ இல்லாமல் நாலைந்து அடுக்குத் துணியைச் சுருக்கம் விழாமல் பிடித்து வைப்பது தைக்கிறவரின் உடம்புக் கனம்தான். இன்றைக்கும் எனக்கு மேஜைமேல் வைத்துக் கௌதி தைக்க வராது.

கௌதியில் பஞ்சு கிடையாது. அடியில் ஒரு முழுப் புடவை. அதன்மேல் இரண்டு மூன்று அடுக்காக நைந்த துணிகள்: வேட்டி, தலைப்புப் போன புடவை, பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே கண்ணுக்குத் தெரிகிற துண்டுகள். தையல் ஓரத்தில் தொடங்கும். நாலு பக்கமும் சுற்றி வந்து, ஒரு விரற்கடை உள்ளே தள்ளி மறுபடி சுற்றி, இப்படியே உள்ளுக்குள் போய் நடுவில் முடியும். எங்கள் ஊரிலிருந்து மேற்கே காட்டுப்பக்கம் போனால் யெல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரங்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள். அவர்கள் இதே முறையில் தைப்பதற்குக் கவந்தி என்று பெயர். துண்டுகளை முன்கூட்டியே இணைத்து வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஓரத்திலிருந்து தைத்துக்கொண்டே வருகையில், கைக்கு வந்த துண்டை ஓரம் மடித்து வைத்து அதன் மேலேயே தையலை ஓட்டிவிடுவார்கள். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து 'ஃபூலா' என்று ஒரு பூ வைப்பார்கள். அது இல்லாத கவந்தி அவர்களுக்கு உடுத்தாத உடம்பு. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹென்றி ட்ரூவல் இந்தக் கவந்திகளைப் பற்றி எழுதி, கண்காட்சியும் வைத்த பிறகுதான் வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்த வேலையே தெரியவந்தது.

கட்டுமானத்தை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் செய்கிற ஒட்டுப் போர்வையில் முதலில் துண்டுக்குத் துண்டு இணைத்து மேல்முகத்தைத் தனியாகத் தைத்துவிடுவார்கள். பிறகுதான் நடுவில் பஞ்சு வைத்து, அடித்துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துத் தைப்பார்கள். அங்கே கெட்ட துண்டை அதன் இணைப்புத் தையல் வழியாக ஓரளவு பிரித்தெடுக்க வழி உண்டு. கௌதியில் அந்த வழியே இல்லை. துண்டை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பதும் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிப்பதும் ஒரே தையல்தான். ஒரு சாண் துண்டை எடுக்க வேண்டுமென்றால் அதன்மேல் ஓடுகிற அத்தனை வரிகளையும் அறுக்க வேண்டும். அறுத்தால் அந்த வரிகள் இரண்டு பக்கமும் தளர்ந்துகொண்டே போகும். அதனால் கௌதியில் நான் எதையும் எடுப்பதில்லை. நைந்தது, மக்கியது, எலி கடித்து நார்நாராய்த் தொங்குவது எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன்மேல்தான் என் துணி உட்காரும்.

என்ன துணி உட்கார வேண்டும் என்பதில்தான் இந்தத் தொழிலின் முக்கால்வாசி இருக்கிறது.

பழைய ஆடையோடு கோடித்துணியை இணைக்கக் கூடாது என்று மாற்கு சுவிசேஷத்தில் ஒரு வசனம் வருகிறது. அதைச் சொன்னவருக்கும் கேட்டவர்களுக்கும் ஒட்டுப்போடுகிற வேலை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். கோடித்துணி முதல் அலசலிலேயே சுருங்கும். சுருங்கும்போது சுற்றியுள்ள பழந்துணியை நாலு பக்கமும் இழுக்கும். பழந்துணியில் இழுவைக்கு ஈடுகொடுக்கிற தெம்பு ஏது? புதுத்துணியை ஊறவைத்து, கஞ்சி போகத் துவைத்து, சுருக்கத்தை முன்னாடியே எடுத்துவிட்டுப் போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. சுருக்கம் போனாலும் பலம் போகவில்லையே. போர்வையை உதறுகிறோம், இழுத்துப் போர்த்துகிறோம், பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறார்கள். இழுக்கிற இழுப்பு துணியில் பரவி, எங்கே பலமும் பலவீனமும் சந்திக்கின்றனவோ அங்கே வந்து நிற்கும். பலமான ஒட்டு ஒன்று நடுவில் இருந்தால் அதன் ஓரம்தான் அந்த இடம்.

இதை நான் சொல்லி நம்ப வேண்டியதில்லை. ஏற்கெனவே பழுது பார்க்கப்பட்ட கௌதியை எடுத்துப் பார்த்தாலே தெரியும். கெட்டியான பாப்ளினை வைத்து மெஷினில் நாலு பக்கமும் அடித்திருப்பார்கள். பாப்ளின் வைத்த நாளில் இருந்தது போலவே இருக்கும். அதைச் சுற்றிப் பழைய துணி சதுரமாகக் கிழிந்து, ஒட்டு மட்டும் தனியே கழன்று வரும். மெஷின் ஊசி நெருக்க நெருக்கமாகத் துளை போட்டுக்கொண்டு போவதால், தபால்தலையின் ஓரத்தைப் போல அந்தக் கோட்டிலேயே துணி பிரிந்துவிடுகிறது. பாலியஸ்டர் நூலும் அப்படித்தான். அந்த நூல் அறாது, துணிதான் அறும். ஆகவே என் கணக்கு ஒன்றே ஒன்று. ஒட்டு, அது உட்காருகிற துணியைவிட ஒரு படி பலம் குறைந்ததாக இருக்க வேண்டும். நூல், ஒட்டைவிடப் பலம் குறைந்ததாக இருக்க வேண்டும். எதுவாவது போய்த்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் என் நூல் போகட்டும், அப்புறம் என் துணி போகட்டும். இரண்டையும் மறுபடி போட்டுக்கொள்ளலாம். அந்த வீட்டுப் பாட்டி தைத்த துணியை மறுபடி போட யாராலும் முடியாது.

எனவே என் அலமாரியில் இருப்பதெல்லாம் பழந்துணி. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற பெண்கள் தெருவுக்கு வரும்போது அவர்களிடமிருந்து வாங்குவேன். நிறவாரியாக அடுக்குவதில்லை, தெம்புவாரியாக அடுக்குவேன். துணியின் ஓரத்தை இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்து மெல்லப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால் இழைகள் விலகுகிற விதத்திலேயே அதற்கு எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று விரலுக்குத் தெரியும். பாவுப் பக்கம் ஒரு தரம், ஊடைப் பக்கம் ஒரு தரம் பார்க்க வேண்டும். பாவு நன்றாக இருந்து ஊடை மட்டும் இற்றுப்போன புடவைகள் நிறைய உண்டு. இங்கே அதிகம் கிடைப்பது இலகல் புடவை. அதில் உடலும் தலைப்பும் தனித்தனிப் பாவு. நெய்யும்போதே கொண்டி போட்டுக் கோத்து இணைக்கிறார்கள். அந்தக் கோர்வை விழுகிற இடத்தை ஒட்டுக்கு எடுக்கவே மாட்டேன். புடவை பழசாகும்போது அங்கேதான் முதலில் வாய் விடும். பழந்துணியானாலும் அலமாரிக்குள் போவதற்கு முன் கஞ்சி போகத் துவைத்தாக வேண்டும். கஞ்சி இருந்தால் ராமபாணப் பூச்சி வரும். அது கஞ்சியைத் தின்கிற சாக்கில் துணியையும் சேர்த்துத் தின்னும்.

தார்வாடில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர். அவருடைய அம்மா தைத்த கௌதி ஒன்றைப் போன வருஷம் கொண்டுவந்தார். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மேலே சொன்ன வழக்கமான பழுது இல்லை அது.

நடுத்துண்டு போயிருந்தது. ஒரு சாணுக்கு ஒரு சாண் இருக்கும். கலம்காரித் துணி. டீச்சருடைய அப்பா பெஜவாடாவில் ரயில்வே வேலையில் இருந்தபோது மச்சிலிப்பட்டினத்து விரிப்பு ஒன்று வாங்கியிருக்கிறார். அது பழசானதும் அதிலிருந்து ஒரு பூவை மட்டும் வெட்டி அம்மா கௌதியின் நடுவில் வைத்திருக்கிறார். சுற்றியுள்ள இலகல் துண்டுகளும் குளேதகுட்டக் கணம் என்கிற ரவிக்கைத் துணியின் துண்டுகளும் அவற்றின் வயதுக்கு நன்றாகவே இருந்தன. கலம்காரியிலும் சிவப்பு இதழ்கள் அப்படியே இருந்தன. கருப்புக் கோடு ஓடிய இடம் மட்டும் துணியே இல்லாமல் உதிர்ந்து, பூ தனித்தனி இதழாக நின்றது. "எலி இல்லை, பூச்சி இல்லை, யாரோ பிளேடால வெட்டின மாதிரி இருக்கு" என்றார் டீச்சர். வீட்டில் பேரன் மேல் எல்லோருக்கும் சந்தேகம் இருந்ததாம்.

பேரன் பாவம். காரணம் அந்தக் கருப்புச் சாயம்தான். கலம்காரிக் கருப்பு இரும்பிலிருந்து வருவது. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் போட்டுப் பல நாள் புளிக்க வைப்பார்கள். துணியை முன்னாடியே கடுக்காயில் தோய்த்து வைத்திருப்பார்கள். இரும்புத் தண்ணீரைத் தொட்டு அதில் கோடு போட்டால் கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கோடு கறுத்துவிடும். அழகான, சாயம் போகாத கருப்பு. ஆனால் இரும்பு சும்மா இருப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் பருத்தி இழையை உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்வைகளிலும் பழுப்பு, கருப்புத் துண்டுகள்தான் முதலில் உதிர்கின்றன. அங்கேயும் இரும்புச் சாயம்தான் காரணம்.

காரணம் தெரிந்தால்தான் ஊசியை எங்கே குத்தக் கூடாது என்று தெரியும். உராய்ந்து நைந்த துணியில், கிழிசலை விட்டு நாலு விரற்கடை தள்ளினால் பிடிமானம் கிடைத்துவிடும். இரும்பு அரித்த துணியில் அந்தக் கணக்கு செல்லாது. இன்றைக்குக் கெட்டியாக இருக்கிற கருப்புக் கோடு அடுத்த வருஷம் உதிரும். எனவே ஒட்டின் ஓரத்தையோ அதைப் பிடிக்கிற தையலையோ கலம்காரியை நம்பி விட முடியாது. அது பக்கத்துத் துண்டுகளில் போய் நிற்க வேண்டும். பக்கத்துத் துண்டுகளிலும் எங்கே வேண்டுமானாலும் அல்ல. ஒவ்வொரு துண்டும் ஓரம் உள்ளே மடித்துத் தைத்திருப்பதால், துண்டும் துண்டும் சேருகிற இடத்தில் துணி இரட்டைக் கனமாக இருக்கும். விரலால் தடவினால் வரப்பு தட்டுப்படும். கௌதியிலேயே பலமான இடம் அந்த வரப்புதான். ஒட்டின் ஓரத்தை அங்கே இறக்கினால் இழுப்பை அது தாங்கிக்கொள்ளும்.

டீச்சரின் மருமகள் புதுக் கலம்காரித் துணி வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தார். ஏறத்தாழ அதே பூ, அதே சிவப்பு. அவர் எவ்வளவு தேடி வாங்கியிருப்பார் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் கஞ்சியும் மொடமொடப்புமாக இருந்த கோடித்துணி அது. ஐம்பது வருஷத் துணிகளுக்கு நடுவில் அதைப் போட்டால் என்ன ஆகும் என்று டீச்சருக்குப் பழைய பழுதுகளை எடுத்துக் காட்டினேன். டீச்சர் கணக்குப் பாடம் எடுத்தவர், ஒரு தரம் காட்டியதும் புரிந்துகொண்டார். அவருக்கு வேறொரு கவலை. "மூடிட்டா அம்மா வச்ச பூ தெரியாதே" என்றார்.

மியூசியத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மெல்லிய பட்டு வலையைச் சாயமேற்றி மேலே போர்த்தி, ஓரத்தில் மட்டும் தைத்துவிடுவார்கள். உள்ளே உதிர்ந்த துணி உதிர்ந்தபடியே இருக்கும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும். ஆனால் அங்கே துணி கண்ணாடிக்குள் இருக்கிறது. டீச்சர் வீட்டில் இந்தக் கௌதியைப் பேத்திக்குப் போர்த்தப் போகிறார்கள். வளையல் மாட்டும், கொலுசு மாட்டும், வலை ஒரு வாரம் தாங்காது. போர்த்துவதற்கென்று தைத்த ஒன்றை மடித்து உள்ளே வை என்று சொல்ல எனக்கு மனம் வராது. பழுது பார்ப்பதே அது மறுபடி கட்டிலுக்குப் போக வேண்டும் என்பதற்காகத்தான்.

அதனால் வீட்டில் பழைய மல் வேட்டி இருந்தால் எடுத்து வாருங்கள் என்றேன். இரண்டு கொண்டுவந்தார். ஒன்று அதிகம் கட்டாதது, நல்ல வெள்ளை. இன்னொன்று கட்டிக் கட்டி மெலிந்து, கையை உள்ளே விட்டால் ரேகை தெரிகிற அளவுக்கு ஆகி, தானாகவே மங்கிப் பழுத்திருந்தது. நல்லதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று டீச்சர் வற்புறுத்தினார். நான் மெலிந்ததை எடுத்தேன். பூவின் மேல் விரித்துக் காட்டியதும் சிவப்பு இதழ்கள் மங்கலாக, ஆனால் இதழ் இதழாகத் தெரிந்தன. டீச்சர் அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் செய்கிற காரியம் என்பதால். ஒட்டுத்துணி பழசாகத் தெரிய வேண்டும் என்று டீத்தண்ணீரில் தோய்த்தெடுப்பார்கள். எந்தத் துணிக்குமே எனக்கு அது பிடிக்காது. இரும்புச் சாயம் உள்ள துணிக்குப் பக்கத்தில் அதைச் செய்யவே கூடாது. டீயிலும் கடுக்காயில் இருக்கிற அதே துவர்ப்புதான் இருக்கிறது. ஈரம் பட்டு இரும்பு கசிந்தால் வெள்ளைத்துணி திட்டுத்திட்டாகக் கறுத்துப்போகும். நிறம் வேண்டுமானால் தானே பழுத்த துணியைத் தேடி எடுக்க வேண்டும், காத்திருந்தால் கிடைக்கும்.

வேலையைச் சொல்கிறேன். முதலில் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன். நடுத்துண்டின் மேல் பிரஷ் படவில்லை. உதிர்ந்து சுருண்டிருந்த இதழ் ஓரங்களை, விரல்நுனியை லேசாக நனைத்துத் தொட்டுத் தொட்டு, அவற்றின் இடத்தில் படுக்க வைத்தேன். அறுந்து தொங்கிய பழைய தையல் நூல்களை வெட்டவில்லை, உள்ளே தள்ளிவிட்டேன். அடியில் இருந்த அடுக்குகள் உறுதியாக இருந்ததால் கீழே தாங்குத்துணி செருக வேண்டியிருக்கவில்லை. பட்டர் பேப்பரை வரப்பின் மேல் வைத்து, நகத்தால் தேய்த்து, துண்டின் வடிவத்தை எடுத்தேன். சதுரம் என்று பெயர்தான், நாலு மூலையும் நாலு விதம். வேட்டியை அந்த வடிவத்துக்கு, சுற்றிலும் கால் அங்குலம் மடிப்புக்கு விட்டு வெட்டினேன். வேட்டியின் பாவு, அடியில் இருக்கிற துணியின் பாவு ஓடுகிற திசையிலேயே ஓட வேண்டும். மாறிப் போட்டால் இரண்டும் வேறு வேறு விதமாகத் தளர்ந்து, ஒரு மழைக்காலம் கழித்துச் சுருக்கம் விழும்.

மடிப்பை இஸ்திரி போட்டுப் பதிக்கக் கூடாது. மெலிந்த துணி சூடு பட்ட மடிப்பிலேயே விரிசல் விடும். நகத்தால் பதித்தாலே போதும். நடுவிலிருந்து வெளியே இழையோட்டி நிறுத்திக்கொண்டு, ஓரத்தை ஹெம்மிங் போட்டேன். மெல்லிய ஊசி, ஒற்றைப் பருத்தி நூல். ஒவ்வொரு தையலுக்கும் நூலை இறுக்காமல், துணி அதன் போக்கில் படுக்கிற அளவுக்கு மட்டும் இழுத்தேன். மூலையில் மட்டும் இரண்டு தையல் நெருக்கம்.

அப்புறம்தான் ஓட்டுத் தையல். நடுத்துண்டு என்பது அம்மாவின் தையல் வந்து முடிகிற இடம். வரிகள் குட்டையாகிக் குட்டையாகி, கடைசியில் ஒரு விரல் நீளத்தில் நிற்கும். அவர் மூலையில் நூலை அறுக்காமல் திருப்பிக்கொண்டு போயிருந்தார். மேலே நீளமாகவும் கீழே பொடியாகவும் எடுக்கிற கை. அந்தக் கை பிடிபட, வேறு துணியில் கொஞ்ச நேரம் தைத்துப் பார்த்தேன். பழைய வரிகள் வேட்டி வழியாகவே தெரிந்ததால் அவற்றின் மேலேயே போனேன். கருப்புக் கோடு இருந்த இடங்களைத் தாண்டித் தாண்டி ஊசியை இறக்கினேன். நூலுக்கு, வங்காளத்துக் காந்தா தைக்கிறவர்கள் அந்தக் காலத்தில் செய்தது போல, பழைய புடவையின் கரையிலிருந்து இழை உருவிக்கொண்டேன். அந்த இழைக்கு வயது ஆகிவிட்டது, பழந்துணியை அறுக்காது. அவருடைய கையைப் பின்பற்றினேனே தவிர, அவர் தைத்தது என்று நினைக்க வைக்கும்படி தைக்கவில்லை. நூலில் ஒரு சாயல் வித்தியாசம் விட்டேன். பின்பக்கம் ஒரு மூலையில் வருஷத்தைச் சின்னதாகப் பின்னி வைத்தேன். நாளைக்கு இன்னொருத்தி இதைக் கையில் எடுத்தால், எது அம்மாவுடையது, எது பிறகு வந்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

சித்திக் கிராமங்களில் இந்தக் கவலையெல்லாம் இல்லை. யெல்லாப்பூர்ப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் தன் கவந்திக்கு ஒட்டுப்போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மங்கிய பச்சைக்கு மேல் பளிச்சென்ற மஞ்சள் துண்டு. பொருந்துகிறதா என்று பார்க்கவேயில்லை. பூ வைத்த மூலையிலிருந்து நேராகத் தைத்துக்கொண்டு போனார். ஆனால் அந்த மஞ்சள் துணியைத் தொட்டுப் பார்த்தேன். பிள்ளையின் பாவாடையாக இருந்து, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி. நிறத்தைப் பற்றி அவர் யோசிக்கவில்லையே தவிர, தெம்பைப் பற்றி அவர் கை யோசித்திருந்தது. வருஷா வருஷம் இப்படி ஒட்டுமேல் ஒட்டு ஏறி அந்த வீட்டுக் கவந்தி ஒற்றை ஆளால் தூக்க முடியாத கனத்துக்கு வந்திருந்தது. டீச்சரின் கௌதியில் நான் நிறம் பார்த்தது டீச்சருக்காக. எனக்கு அந்த மஞ்சள்தான் பிடித்திருந்தது.

ஜெய்ப்பூர் ரஜாய் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அதில் துண்டு முக்கியமில்லை, உள்ளே பஞ்சு நகர்ந்து ஒரு பக்கம் திரண்டிருக்கும். பழுது பார்ப்பதைவிடப் பஞ்சு அடிக்கிறவரிடம் கொடுத்துப் புதுசாகப் போட்டுக்கொள்வது மேல். மெஷினில் தைத்துக் கடையில் விற்கிற ஒட்டுப் போர்வைகளை எந்தத் தையல்காரரும் சரி செய்துவிடுவார், அதற்கு நான் தேவையில்லை.

துவைப்பதைப் பற்றி எல்லோரிடமும் சொல்லி அனுப்புவேன். சோப்புத் தண்ணீர் தொட்ட வெள்ளைத்துணியை ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒற்றிப் பார்த்து, சாயம் ஏறவில்லை என்றால்தான் நனைக்க வேண்டும். இலகல் சிவப்பு பல சமயம் இறங்கும். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர் போதும், பிளீச் கிட்டவே வரக்கூடாது. நனைந்த கௌதியின் கனம்தான் அதற்குப் பெரிய எதிரி. கொடியில் தொங்கவிட்டால் தண்ணீரின் பாரத்திலேயே பழைய தையல் வரிகள் அறும். அடியில் ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டு அதோடு சேர்த்து இரண்டு பேர் தூக்கி, நிழலில் தரையில் விரித்துக் காய வைக்க வேண்டும். டீச்சரின் கௌதியை இரும்புச் சாயம் இருப்பதால் நனைக்கவே வேண்டாம், வெயிலில்லாத காற்றில் உலர்த்தி எடுத்தால் போதும் என்று சொன்னேன். மடித்து வைத்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றிப் போட வேண்டும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், துவைத்த வெள்ளைத்துணியில் சுற்றினால் போதும்.

டீச்சர் வாங்கிக்கொள்ள வந்தபோது விரித்து, நடுத்துண்டை அப்படியும் இப்படியும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வேட்டிக்கடியில் பூ தெரிந்தது. "இந்த வேட்டி எத்தனை வருஷம் வரும்?" என்று கேட்டார். பேத்தி பெரியவளாகும்வரை வரும், அதற்குள் கிழிந்தால் கொண்டுவாருங்கள், வேட்டியை மட்டும் மாற்றிக்கொடுக்கிறேன் என்றேன். மிச்சமிருந்த வேட்டித் துணியைச் சுருட்டிப் பெயர் எழுதி அலமாரியில் வைத்துக்கொண்டேன். கால்மாட்டு ஓரத்தில் கணத்துத் துண்டுகள் இரண்டு மெலிய ஆரம்பித்திருந்ததையும் அன்றைக்கே அவருக்குக் காட்டினேன். இன்னும் மூன்று நாலு வருஷத்தில் அவை வாய் விடும். பாத்திரக்காரப் பெண்ணிடம் பழைய குளேதகுட்டக் கணம் ஏதாவது வந்தால் எனக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.